ஆநிரை லீக்: ஒரு தரவரிசைத் தகராறு

அமெரிக்கர்களிடம் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. முட்டை மாதிரியான ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் பதினொரு தடியர்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிறவனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரன்னிங் பேக்’. இவர்களில் எவன் பெரியவன் என்பதுதான் வழக்கு. 1957 முதல் 1965 வரை ஒன்பதே பருவம் ஆடி 12,312 கஜம் ஓடியவர் ஜிம் பிரவுன். அதற்குப் பிறகு சினிமாப் படப்பிடிப்பில் இருந்தபடியே ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டார். பதினைந்து பருவம் ஆடி 18,355 கஜம் சேர்த்தவர் எம்மிட் ஸ்மித். “அறுபது வயது வரை ஆபீசுக்குப் போனால் யாருக்கும் பி.எஃப். சேரத்தான் செய்யும்” என்பது எதிர்த்தரப்பு வாதம். பேரி சாண்டர்ஸ் என்று இன்னொருவர். அன்றைய சாதனையைத் தொட 1,457 கஜமே பாக்கி இருந்த நேரத்தில், 1999-இல், சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரே பருவத்தில் 2,000 கஜத்தை முதலில் தாண்டியவர் ஓ.ஜே. சிம்ப்சன், 1973-இல். அவர் பெயரை மட்டும் சபையில் குரலைத் தாழ்த்தியே சொல்கிறார்கள். 1994-இல் போலீஸ் பின்தொடர வெள்ளை ஃபோர்டு வண்டியில் போனாரே, அந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்க்கலாமா என்று அங்கே ஒரு குசும்பன் கேட்காமலா இருந்திருப்பான்?

நமக்கு இதில் என்ன வேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை கிளியூர் வரை வந்துபோகலாம்.

ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் முந்நூறு அடி கீழே குதிக்கிற இடம் கிளியூர். அருவியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் வருகிறவர்களுக்கு மிளகாய் பஜ்ஜியும் வாக்குவாதமும் உண்டு. சேர்வராயன் மலை விளிம்பில் நின்று வடக்கே கை நீட்டினால் தகடூர், அதாவது தருமபுரி: அதியமான் நெடுமான் அஞ்சியின் சொந்த மைதானம். கிழக்கே பெண்ணையாற்றங்கரையில் கோவலூர், இன்றைய திருக்கோவிலூர்: மலையமான் திருமுடிக்காரி. தெற்கே கொல்லிமலை: வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் மூன்று பேர் மூன்று பக்கம், நடுவில் நாம். இதைவிட நல்ல கேலரி டிக்கெட் எந்த ஸ்டேடியத்திலும் கிடையாது. 1820களில் காக்பர்ன் துரை சேலத்துக்குக் கலெக்டராக வந்து காபிச்செடி நட்டதிலிருந்துதான் ஏற்காட்டுக்கு வரலாறு தொடங்குவதாகச் சுற்றுலாக் கையேடுகள் எழுதும். துரை வருவதற்கு ஆயிரத்தைந்நூறு வருஷம் முன்பே இந்த மலையைச் சுற்றி முழு லீக் ஆட்டமும் நடந்து, கோப்பையும் கொடுத்து, வர்ணனையும் பாட்டாக வெளிவந்தாகிவிட்டது.

பந்து மட்டும் வேறு. நம்மவர்கள் ஓட்டிக்கொண்டு போனது மாடு.

எதிரி ஊருக்குள் புகுந்து மாட்டைக் கவர்ந்து வருவது வெட்சி. பறிகொடுத்தவன் துரத்திப் போய் மீட்பது கரந்தை. ஒரு பக்கம் தாக்குதல், மறுபக்கம் தடுப்பு. சூடிக்கொள்ளும் பூவை வைத்து எவன் எந்த அணி என்று தெரிந்துகொள்ளலாம். விதிமுறைப் புத்தகம் தொல்காப்பியம். மன்னன் ஏவினால் மாட்டைத் திருடலாம், ஆனால் திருடிய மாட்டை நன்றாகப் பராமரிக்க வேண்டும் என்று முதலிலேயே சட்டம் போட்டுவிடுகிறார் தொல்காப்பியர். உலகத்தில் வேறு எந்தத் திருட்டுக்கும் இப்படி ஒரு பராமரிப்பு ஷரத்து இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்து வெட்சிக்குப் பதினான்கு துறைகளை வரிசையாக அடுக்குகிறார். இதைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்து மார்க் வாங்கியவர்கள்கூட விளையாட்டுப் பயிற்சியாளரின் குறிப்பேடாக ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும். முதல் துறை, படை கிளம்பும் ஆரவாரம். ராத்திரி திருடப் போகிறவர்கள் ஊரைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். இரண்டாவது, விரிச்சி: பாக்கத்தில் போய் இருட்டில் காதைக் கொடுத்து நிற்பது. யாரோ யாரிடமோ தற்செயலாகப் பேசுவதில் நல்ல வார்த்தை விழுந்தால் புறப்படலாம். கெட்ட வார்த்தை விழுந்தால் மாடு பிழைத்தது. பிறகு எதிரியின் ஒற்றனுக்குத் தெரியாமல் போவது, நம் ஒற்றன் துப்புக் கொண்டுவருவது, ஊரை வளைப்பது, எதிர்ப்பவரை வெட்டுவது. இத்தனையும் முடிந்து ஏழாவது துறையில்தான் மாட்டின் மேல் கை வைக்கிறார்கள். ஆகோள். எட்டாவது, துரத்தி வருகிறவனைத் தடுப்பது.

என்னை மிகவும் கவர்ந்தது ஒன்பதாவது துறை. நோயின்று உய்த்தல். மாட்டுக்கு நோவு வராமல் ஓட்டிக்கொண்டு வரவேண்டும். பின்னால் அம்பு வருகிறது, காடு இருட்டாக இருக்கிறது, ஆனாலும் மாட்டை விரட்டக்கூடாது. அது தன் நடையில்தான் வரும். பதினான்கு துறையையும் தேடிவிட்டேன். ‘ஓடுதல்’ என்று ஒரு துறை இல்லவே இல்லை.

நியூ ஜெர்சியிலிருந்து லீவில் வந்திருந்த மச்சான் ஒருவன் கிளியூர் டீக்கடையில் உட்கார்ந்து ரன்னிங் பேக் மகிமையை விவரித்துக்கொண்டிருந்தான். பந்தைக் கையில் வாங்கியதும் எத்தனை பேர் மேலே விழுவார்கள், எப்படி நெளிந்து தப்ப வேண்டும் என்று பெஞ்சில் இடமும் வலமும் சாய்ந்து காட்டினான். அரைக் கிலோகூடத் தேறாத பந்து அது. டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“ஏனுங்க தம்பி, அந்தப் பந்து வழியில நின்னு மேயுமுங்களா?”

“மேயாதுங்க.”

“கன்னுக்குட்டிய உட்டுட்டு வந்துட்டோம்னு திரும்பிப் பாத்துக் கத்துமுங்களா?”

“கத்தாதுங்க.”

“அப்ப அதுல என்னங்க கஷ்டம்?”

மச்சானிடம் பதில் இல்லை. பஜ்ஜியை எடுத்துக்கொண்டான்.

மிச்சமிருக்கிற துறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் மகிழும்படி வந்து தோன்றுவது, மாட்டைக் கொண்டுவந்து ஊரில் நிறைப்பது, பங்கு பிரிப்பது, குடித்துக் கூத்தாடுவது, கடைசியாகக் கொடை: கொண்டுவந்ததை இரவலர்க்கு வாரி வழங்குவது. இந்தக் கடைசித் துறையில்தான் நம் வள்ளல்கள் பேர் வாங்கினார்கள். கொடுத்தது யார் வீட்டு மாடு என்று வாங்கிக்கொண்ட புலவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி வேட்பாளர்கள்.

ஓரியை முதலிலேயே கழித்துவிடலாம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தான் என்று வன்பரணர் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். அந்த ஐந்தும் ஏன் சொல்லிவைத்தாற்போல ஒரே கோட்டில் நின்றன, புலிக்குப் பக்கத்தில் மான் எப்படி நிம்மதியாக நின்றது என்பதையெல்லாம் புலவர் விளக்கவில்லை. விட்டுவிடுவோம். நின்ற இடத்திலிருந்து எறிகிறவனை அமெரிக்கர்கள் குவார்ட்டர் பேக் என்பார்கள். அது தனிப் பிரிவு. ஓரிக்கு அங்கே இடம் பார்த்துக் கொடுக்கலாம்.

அதியமானுக்கு மைதானத்தில் இருந்த பலத்தைவிட வர்ணனையாளர் அறையில் இருந்த பலம் அதிகம். அங்கே ஒளவையார் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு எட்டுத் தேர் செய்கிற தச்சன், ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எப்படி இருக்கும்? எங்கள் ஆள் அப்படி. களத்துக்குள் வராதீர்கள் என்று எதிரிகளை எச்சரித்தார். தொண்டைமானிடம் தூது போன இடத்தில் அவன் ஆயுதசாலையைத் திறந்து பெருமையாகக் காட்டினான். உங்களுடையதெல்லாம் நெய் பூசிப் பளபளவென்று அழகாக இருக்கிறது, எங்களுடையது பாவம், சதா முனை உடைந்து கொல்லன் பட்டறையிலேயே கிடக்கிறது என்று பதில் சொன்னார். ஒரு ஆட்டம்கூட ஆடாமல், வாயாலேயே அரையிறுதிக்குக் கொண்டுபோகும் கலை இது. இத்தனை நல்ல பி.ஆர்.ஓ. கிடைத்தவன் உண்மையில் எவ்வளவு நல்ல ஆட்டக்காரன் என்பதை இன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது. அதனாலேயே அதியமானுக்கு நான் கொஞ்சம் மார்க் குறைக்கிறேன். ஒளவையார் மன்னிக்கட்டும்.

காரி விஷயம் வேறு. அவனிடம் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. ஏழு வள்ளல்களில் ஒருவன், தேர்களை அள்ளிக் கொடுத்தவன் என்று நாம் படித்த அதே காரி, ராத்திரியில் குதிரை ஏறிப் போய் மாட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு வருவான் என்று நற்றிணையில் கபிலர் போகிறபோக்கில் போட்டுக்கொடுத்துவிடுகிறார். அதுவும் எங்கே? காதல் பாட்டில். தலைவனைப் பிரிந்த பெண்ணின் அழகு எப்படிக் குலைந்துபோயிற்று என்றால், முள்ளூர் மன்னன் காரியிடம் மாட்டைப் பறிகொடுத்த சொந்தக்காரர்கள் எப்படிக் குலைந்துபோனார்களோ அப்படி. வள்ளல்தன்மைக்கு ஆயிரம் பேர் சாட்சி சொல்வார்கள், வாங்கித் தின்றவர்கள். களவு போனவன் முகத்தை ஒரு புலவர் உவமையாக எடுத்தாண்டார் என்றால் அந்த ஆட்டத்தை ஊரே பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

காரி ஃப்ரீ ஏஜென்ட். மூவேந்தரில் எவனுக்கு ஆள் தேவைப்பட்டாலும் இவனுக்குப் பணம் வரும். வந்த பணம் அப்படியே புலவர்களுக்குப் போகும். நாட்டை அந்தணர்க்குக் கொடுத்தாயிற்று, வேந்தர் தந்ததைப் பரிசிலர்க்குக் கொடுத்தாயிற்று, உனக்கென்று மிச்சம் இருப்பது உன் மனைவி ஒருத்திதான் என்று கபிலரே அவனிடம் சொல்கிறார். அந்த அம்மாள் இந்தப் பாட்டைக் கேட்டபோது என்ன சொன்னாள் என்பதை எந்தத் தொகை நூலும் பதிவு செய்யவில்லை. மலையமான் குடியிலேயே தேர்வண் மலையன் என்று இன்னொருவன். சேரனுக்கும் சோழனுக்கும் நடந்த போரில் சோழன் பக்கம் நின்றான். ஜெயித்தவன் ‘இவனால் ஜெயித்தேன்’ என்றான். தோற்றவன் ‘இவன் மட்டும் வராவிட்டால் நான் ஜெயித்திருப்பேன்’ என்றான். இரண்டு அணியும் ஒரே ஆளைக் கைகாட்டிய ஆட்டம் அது.

தரவரிசைப் பட்டியல் கேட்டு நச்சரித்த முதல் ரசிகரும் நம்மவர்தான். புலவர்கள் எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுக்கிறாயே, கொடுப்பது சுலபம், தரம் அறிவதுதான் கஷ்டம், எல்லாரையும் ஒன்றுபோலப் பார்ப்பதை விடு என்று காரியின் முகத்துக்கு நேரே கேட்டவர் கபிலர். தான் எத்தனையாவது இடம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்திருக்காது.

லீக் எப்படி முடிந்தது? அதியமான் கோவலூரை அடித்து நொறுக்கினான்; அதைப் பரணர் பாடினார். காரி சேரனிடம் போய்ச் சேர்ந்தான். சேரனுக்குக் கொல்லிமலை மேல் ஒரு கண். காரி கொல்லிக்குப் போய் ஓரியைக் கொன்று, மலையைச் சேரன் கையில் கொடுத்தான். ஓரி செத்த தெருவில் காரி நுழைந்தபோது ஊர் போட்ட கூச்சலையும் கபிலர் விடவில்லை. ஒரு பரத்தை வீதியில் நடந்துபோனபோது ஊரில் எழுந்த அலர் அப்படி இருந்ததாம். கொல்லி கைமாறியது என்பது அரசியல் செய்தி. அது நமக்கு வந்து சேர்ந்தது கிசுகிசுப் பத்தி வழியாக. கடைசியில் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரையும் எறிந்தான். கோப்பை அவனுக்கு. முரசுக்கட்டிலில் தூங்கிப்போன மோசிகீரனாருக்கு விசிறி வீசினானே, அதே சேரன்தான். ஜெயித்த முதலாளிகளுக்குச் சாவகாசமும் நல்ல குணமும் சேர்ந்தே வரும்.

தேசிய அளவில் ஒரு போட்டியாளர் உண்டு. பீஷ்மர், துரோணர், கிருபர், கர்ணன், அசுவத்தாமன் என்று மொத்த நட்சத்திர அணியையும் கூட்டிக்கொண்டு துரியோதனன் விராடனின் மாட்டைப் பிடிக்கப் போனான். அறுபதாயிரம் மாடு என்பது வியாசர் கணக்கு. அஸ்திரவித்தை முழுதும் கற்ற ஆசாரியர்கள் அதிகாலையில் தொழுவத்தைக் கலைத்துக்கொண்டிருந்த காட்சியை எந்தக் காலண்டரும் இதுவரை அச்சிட்டதில்லை. எதிரே தடுக்கப் புறப்பட்டவன் உத்தரகுமாரன். அந்தப்புரத்தில் நின்று அவன் அடித்த சவடாலில் ஒளவையாரே தோற்றுப்போவார். பொம்மைக்கு உடுத்தப் பட்டுத்துணி கொண்டு வா என்று தங்கை வேறு சொல்லி அனுப்பினாள். சேனையைக் கண்ணால் பார்த்ததும் தேரிலிருந்து குதித்தான், ஓடினான். நூறு காலடி ஓடியிருப்பான். பிருகந்நளை என்ற நாட்டிய வாத்தியார் வேஷத்தில் இருந்த அர்ச்சுனன் தலைமயிரைப் பிடித்து நிறுத்தினான். நூறு காலடி, ஒரு டாக்கிள். மகாபாரதத்திலேயே துல்லியமாக அளந்து சொல்லப்பட்ட ஓட்டம் இதுவாகத்தான் இருக்கவேண்டும், திசைதான் தப்பு. பிறகு அந்த நாட்டிய வாத்தியார் தேரில் நின்று பீஷ்மர் நீங்கலாக நட்சத்திர அணியை மயங்கி விழவைத்து மாட்டை மீட்டதும், அவர்கள் மேலாடைகளைப் பொம்மைக்கு உருவிக்கொண்டு வந்ததும் தெரிந்த கதை. நம் வடமாவட்டக் கூத்துகளில் இதற்கு மாடுபிடி சண்டை என்று பெயர். விடிய விடிய ஆடினாலும் கூட்டம் கலையாமல் இருப்பது உத்தரனுக்காகத்தான்.

இத்தனை பெயர் சொன்னாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. அதைப் பார்க்க மலையிலிருந்து இறங்கி வடகிழக்கே செங்கம் பக்கம் போகவேண்டும்.

நடுகல் பூமி அது. மாட்டுச் சண்டையில் செத்தவர்களுக்கு ஊர் எடுத்த கற்கள் வயலிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. 1972-இல் தொல்பொருள் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்று புத்தகமே போட்டது. கல்வெட்டுக்கு ஒரு வாய்பாடு உண்டு. இந்த மன்னனுக்கு இத்தனையாவது ஆண்டு, இந்த ஊர்த் தொறு கொண்டபோது, இன்னார் மகன் இன்னான் தொறு மீட்டுப் பட்டான், அவன் கல். தொறு என்றால் மந்தை. பட்டான் என்றால் செத்தான். அந்தக் கடைசிச் சொல் இல்லாவிட்டால் கல் கிடையாது.

சிக்கல் புரிகிறதா? செத்தவனுக்குத்தான் கல். மாட்டை ஓட்டிக்கொண்டு கீறல் படாமல் வீடு வந்து சேர்ந்தவனுக்குக் கள். குடித்துவிட்டுத் தூங்கி எழுந்தால் அவன் கதை முடிந்தது. எந்தச் சிற்பியும் அவனுக்காக உளி எடுக்கவில்லை. நம்மிடம் இருக்கும் பதிவேடு முழுக்க மாட்டிக்கொண்டவர்களின் பட்டியல். 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு தமிழ் பிராமி எழுத்தோடு சில நடுகற்களைக் கண்டுபிடித்தது. நமக்குக் கிடைத்த நடுகற்களிலேயே மிகப் பழையவை அவை. அதில் ஒரு கல், கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுக்கு. கவரப் போனானா, மீட்கப் போனானா என்று கல் சொல்லவில்லை. எந்த அணி என்றுகூடத் தெரியாமல் இரண்டாயிரம் வருஷமாக ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறான்.

செங்கம் பக்கத்து எடத்தனூர்க் கல் ஒன்றே போதும் என்பேன். மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காவது ஆட்சியாண்டு. கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டான். வில்லும் கையுமாக அவன் உருவம், கூடவே ஒரு நாய். நாய்க்கும் தனியாகக் கல்வெட்டு வரி இருக்கிறது: பெயர் கோவிவன், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது. பெயர், செயல், எண்ணிக்கை எல்லாம் உண்டு. ஓரியின் அம்புக்குக்கூட இவ்வளவு சுத்தமான ஸ்கோர் கார்டு இல்லை. வேடிக்கை என்னவென்றால் இதே மகேந்திரவர்மன்தான் ‘மத்தவிலாசம்’ என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவன். அதில் ஒரு காபாலிகனின் கபாலம் காணாமல் போகிறது. புத்தபிக்கு மேல் பழி விழுகிறது. கடைசியில் பார்த்தால் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். ராஜா நாயைத் திருடனாக்கி நாடகம் எழுத, அவன் நாட்டு மூலையில் ஒரு நாய் இரண்டு திருடர்களைப் பிடித்துக் கல்லில் ஏறியிருக்கிறது.

மாடு போய்விட்டது, ஆட்டம் போகவில்லை. எதிரணி எல்லைக்குள் தனியாகப் புகுந்து தொட்டுவிட்டு மூச்சு விடுவதற்குள் திரும்பி வரும் சடுகுடுவை வெட்சியின் பேரப்பிள்ளை என்று சொன்னால் ஆய்வாளர்கள் அடிக்க வருவார்கள். நான் சொல்லவில்லை, நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ரைடர்களில் யார் பெரியவன் என்ற சண்டை இங்கும் உண்டு. 2022-இல் தமிழ் தலைவாஸ் கபடி அணி 2.26 கோடி கொடுத்துப் பவன் செராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், பருவம் முழுக்க அவர் வெளியே உட்கார்ந்தார். அவர் இல்லாமலே அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. மூவேந்தரிடம் காரி வாங்கிய தொகை நமக்குத் தெரியாது. ஆனால் அவன் முழங்கால் நன்றாகவே இருந்திருக்கிறது.

ஆகவே தீர்ப்பு. கவர்ந்து வந்தவர்களில் முதலிடம் திருமுடிக்காரிக்கு. பறிகொடுத்தவர்கள் முகமே அவனுக்குச் சாட்சி. கல் இல்லாமலே பெயர் நின்றது. ஓரிக்குக் குவார்ட்டர் பேக் பிரிவில் தனிப் பரிசு. அதியமானுக்கு இரண்டாமிடம், அதில் பாதி ஒளவையாருக்குச் சேரும். தடுப்பாட்டத்தில் முதலிடம் எடத்தனூர்க் கோவிவனுக்கு. அர்ச்சுனன் மேல்முறையீடு செய்வதானால் செய்துகொள்ளட்டும். உத்தரகுமாரனுக்கு மக்கள் விருப்ப விருது. நியூ ஜெர்சி மச்சான் மட்டும் இன்னமும் ஜிம் பிரவுனுக்குத்தான் ஓட்டு என்கிறான்.